டியூன் செய்த மாருதி 800: டைமிங் கோளாறும் மைலேஜ் இழப்பும், அறிகுறி வாரியாக

கார்புரேட்டர் மாருதி 800-ஐ டியூன் செய்த பிறகு வரும் புகார்கள் சுற்றிச் சுற்றி ஐந்தாறுதான். ஏற்றத்தில் நாக் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக எரியும் சத்தம்) அடிக்கிறது, பிக்கப் இல்லை, லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்த வண்டி பன்னிரண்டில் நிற்கிறது. உடனே கார்புரேட்டரைத் திறந்துவிடுகிறார்கள். கோளாறோ பெரும்பாலும், ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும், பட்டறையில் டெல்கோ என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும். டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) தள்ளிப்போன இன்ஜினில் ஜெட்டையும் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றிவிட்டால், எது எதனால் வந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: வால்வு கேப் (இடைவெளி), பிளக், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கைத் தூண்டும் ஸ்விட்ச்), டைமிங். இவை நான்கும் சரியான பிறகே கார்புரேட்டர்.

கீழே சொல்வது எஃப்8பி இன்ஜினுக்கு: 796 சிசி, மூன்று சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் அடிக்கும் வரிசை) 1-3-2, ஒன்றாம் சிலிண்டர் டைமிங் பெல்ட் பக்கம். மாற்றம் என்று நாம் எடுத்துக்கொள்வது ஹெட் ஃபேஸிங் (கம்ப்ரெஷனைக் கூட்ட சிலிண்டர் ஹெட்டின் அடியைச் சீவுவது), கோன் ஃபில்டர் (பெட்டியில்லாத கூம்பு வடிவக் காற்று ஃபில்டர்), ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர், பெரிய ஜெட், 13 அங்குல வீல். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள மற்ற கார்புரேட்டர் கார்களுக்கும் முறை இதுவே, எண்கள் மட்டும் மாறும்.

## ஸ்பேனரை எடுப்பதற்கு முன்: மைலேஜ் உண்மையிலேயே குறைந்ததா?

டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நிற்கும் முதல் 'டக்'கோடு நிறுத்துங்கள். குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில், அதே பக்கம் வண்டியை நிறுத்தி, மறுபடி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் எதற்கும் உதவாது.

அடுத்து டயர். கம்பெனி டயர் 145/70 ஆர்12-இன் விட்டம் சுமார் 508 மி.மீ. அதைக் கழற்றி 155/65 ஆர்13 போட்டால் விட்டம் 532 மி.மீ. ஆகிறது. ஓடோமீட்டர் இனி சுமார் 4.5 சதவீதம் குறைத்துக் காட்டும். 300 கி.மீ. காட்டினால் உண்மையில் ஓடியது 314. அதற்கு இருபது லிட்டர் பிடித்திருந்தால், லிட்டருக்கு 15 என்று நினைத்த மைலேஜ் உண்மையில் 15.7. பெரிய வீல் போட்ட கையோடு 'மைலேஜ் விழுந்துவிட்டது' என்று வருபவர்களில் பலருக்கு விடை இந்தக் கணக்கிலேயே கிடைத்துவிடும்.

மூன்றாவது பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இருபது சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் குறையும். 17 கொடுத்த வண்டி 16 கொடுப்பதற்கு இதுவே போதும். அந்த ஒரு கிலோமீட்டரைத் தேடி ஜெட்டைச் சின்னதாக்கினால் பிஸ்டனுக்குத்தான் கேடு.

## எல்லா அறிகுறிக்கும் பொதுவான டைமிங் சோதனை

தேவை: ஸ்ட்ரோப் டைமிங் லைட் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு), ஆர்பிஎம் மீட்டர், ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), வொயிட்னர். திறந்த இடத்தில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள்.

1. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு கேப் 0.15 மி.மீ. வையுங்கள். கேம் மாற்றியிருந்தால் அந்தக் கேமுக்குச் சொன்ன அளவு.
2. பிளக் கேப் 0.7 முதல் 0.8 மி.மீ.
3. பாயிண்ட் உள்ள வண்டியில், பாயிண்டின் குதிகால் கேம் முனையின் உச்சியில் நிற்கும்போது கேப் 0.4 முதல் 0.5 மி.மீ. இதை முடித்துவிட்டுத்தான் டைமிங். கேப் கூடினால் டைமிங் முன்னே போகும், குறைந்தால் பின்னே போகும். டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொட்டால் செய்த வேலை வீண்.
4. இன்ஜினைச் சூடாக்குங்கள். சோக் முழுதும் உள்ளே, ஏசி, ஹெட்லைட் அணைத்தபடி. ஸ்லோ ஸ்பீடு (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 900 சுற்று அளவில் இருக்கட்டும். 1,200-இல் வைத்துப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், சுற்று ஏற ஏற டைமிங்கை முன்னே தள்ளும் வெயிட் விரியத் தொடங்கிவிடும், அளவு பொய்யாகும்.
5. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் டியூபைக் கழற்றி, அதன் வாயில் ஒரு சின்ன போல்ட்டைச் செருகி அடையுங்கள்.
6. லைட் கிளிப்பை ஒன்றாம் பிளக் வயரில் மாட்டுங்கள். கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் உள்ள ரப்பர் அடைப்பை எடுத்தால் ஃப்ளைவீல் குறி தெரியும். குறியில் முன்கூட்டியே வொயிட்னர் தொட்டு வைத்தால் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும்.
7. பானட் ஸ்டிக்கரிலோ சர்வீஸ் புத்தகத்திலோ உள்ள டிகிரிதான் தொடக்கப் புள்ளி. ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் அட்வான்ஸ் (டைமிங் முன்னே), அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட் (பின்னே). டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு டிகிரி என்பது கிராங்கில் இரண்டு டிகிரி. ஒரு மயிரிழை திருப்பினாலே பெரிய மாற்றம்.
8. போல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி லைட் அடித்துப் பாருங்கள். இறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

டைமிங் லைட் இல்லாதபோது, பாயிண்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு போதும். ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் குறி நேராக வரும்படி இன்ஜினைக் கையால் சுற்றி நிறுத்துங்கள். பல்பின் ஒரு முனை காயில் நெகட்டிவில், மறுமுனை எர்த்தில். சாவி ஆன். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடம்தான் டைமிங். வேலை முடிந்ததும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். பாயிண்ட் மூடியபடி சாவி ஆனில் கிடந்தால் காயில் சூடேறிப் போய்விடும்.

## அறிகுறி 1: ஏற்றத்தில், ஆளேற்றி இழுக்கும்போது 'டிங் டிங்' என்று நாக்

முதலில் இது நாக்கா, டேப்பெட் சத்தமா (வால்வு கேப் கூடியதால் வருவது)? டேப்பெட் சத்தம் ஸ்லோவிலும் கேட்கும், சுற்றோடு சேர்ந்து ஏறும். நாக் சுமை இருக்கும்போது மட்டும் வரும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மறையும்.

பெட்ரோல். ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கைத் தாங்கும் அளவு. ஒருமுறை டேங்கைக் காலியாக்கி, சாதாரணத்தைவிட ஆக்டேன் கூடிய பெட்ரோல் ஊற்றி ஓட்டுங்கள். நாக் போய்விட்டால் வண்டி பழுதில்லை, கம்ப்ரெஷனுக்கோ டைமிங்குக்கோ ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள்.

டைமிங் கூடுதல். மேலே சொன்ன சோதனையில் குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ஏற்றத்தில், மூன்றாவது கியரில், ஒவ்வொரு முறையும் கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி இறக்கி ஓட்டிப் பாருங்கள். நாக் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். கம்பெனி அளவுக்குக் கீழே நான்கு டிகிரி இறக்கியும் நாக் நிற்கவில்லை என்றால் கோளாறு டைமிங்கில் இல்லை. அதற்கு மேல் இறக்காதீர்கள். நாக் மறையும், பதிலுக்கு அறிகுறி 2 வந்து உட்காரும்.

கோன் ஃபில்டர். ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னாலோ ஹெடருக்கு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மேலோ திறந்து கிடந்தால், இன்ஜின் உறிஞ்சுவது வெந்த காற்று. நகர நெரிசலில் நாக், நெடுஞ்சாலையில் நாக் இல்லை என்றால் சந்தேகம் இதன்மேல்தான். முன்பக்கக் குளிர்ந்த காற்று வர ஒரு குழாய் போடுங்கள், அல்லது ஒரு நாள் பழைய ஃபில்டர் பெட்டியை மாட்டி ஓட்டிப் பாருங்கள். இந்த ஒரு வேலையால் ஓய்ந்த நாக் ஏராளம்.

வெயிட் ஸ்பிரிங். ஸ்லோவில் டைமிங் சரி, 2,000 சுற்றுவாக்கில் மட்டும் நாக் என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெயிட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஒன்று அறுந்திருக்கும். மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். கையை எடுத்ததும் சட்டென்று திரும்ப வேண்டும். தொளதொளவென்று நின்றால் ஸ்பிரிங் போயிற்று.

கலவை மெலிவு, கார்பன். பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். பீங்கான் வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் கலவை மெலிவாக (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு) இருக்கலாம், அல்லது பிளக் இந்த இன்ஜினுக்கு அளவு மீறிச் சூடான ரகமாக இருக்கலாம். பீங்கானில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள், இடையிடையே வெள்ளித்தூள் போல மினுமினுப்பு தெரிந்தால் அந்த மினுமினுப்பு பிஸ்டனின் அலுமினியம். அன்றே வண்டியை நிறுத்துங்கள்.

ஹெட் ஃபேஸிங். செலவு மிகுந்த காரணம் இது. இந்த இன்ஜினின் போர் 68.5, ஸ்ட்ரோக் 72 மி.மீ. கம்பெனிக் கம்ப்ரெஷன் விகிதம் 8.7. ஹெட்டில் அரை மி.மீ. சீவினால் ஏறத்தாழ 9.1, ஒரு மி.மீ. சீவினால் 9.5-ஐத் தாண்டலாம். எவ்வளவு சீவினார்கள் என்று லேத் பட்டறையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் என்றால் ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் டைமிங் ஒத்துவருவது கடினம்.

## அறிகுறி 2: பிக்கப்பும் இல்லை, மைலேஜும் இல்லை, இன்ஜின் சூடேறுகிறது

டைமிங் பின்தங்கிய வண்டியின் முகம் இதுதான். இரவில் ஓட்டி நிறுத்திப் பார்த்தால் ஹெடர் செந்நிறமாகக் கனலும். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம் வரும், வேகம் வராது. இதைப் பார்த்துவிட்டு 'பெட்ரோல் பத்தவில்லை' என்று ஜெட்டைப் பெரிதாக்குவது வழக்கமான தவறு. மைலேஜ் அதோடு பாதாளத்துக்குப் போகும்.

அடிப்படை டைமிங். பாயிண்டின் குதிகால் தேய்ந்தால் கேப் மூடி, டைமிங் தானாகப் பின்னே போகும். புது பாயிண்ட் போட்ட முதல் ஆயிரம் கிலோமீட்டரில் இது மிகுதி. கேம் முனையில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் தேய்மானம் குறையும். அதிகம் வைத்தால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டி மிஸ்ஸிங் வரும்.

வெயிட் இறுகிப்போதல். லைட் அடித்தபடி 900-இலிருந்து 3,000 சுற்றுக்கு ஏற்றுங்கள். குறி நன்றாக விலகி ஓட வேண்டும். அசையாமல் நின்றாலோ, சற்று நகர்ந்து தங்கிவிட்டாலோ வெயிட் துருவேறி இறுகியிருக்கிறது. ரோட்டரைத் திருப்பிவிடும் சோதனையில் இது கரகரவென்று மெதுவாகத் திரும்பும். கழற்றிச் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

டிஸ்ட்ரிபியூட்டரை முழுதும் திருப்பியும் அளவு எட்டவில்லை. இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் இரண்டு காரணங்களும் வெளியில் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியபோது கியர் ஒரு பல் தள்ளி இறங்கியிருக்கும். மற்றொன்று, டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கும். கேம்ஷாஃப்ட்தான் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிறது என்பதால், பெல்ட் தாண்டினால் வால்வும் ஸ்பார்க்கும் சேர்ந்தே பின்தங்கும். பெல்ட் மூடியைக் கழற்றிக் கிராங்க் குறியும் கேம் குறியும் ஒரே நேரத்தில் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் தவறு டிஸ்ட்ரிபியூட்டர் கியரில். நிற்காவிட்டால் பெல்ட்டில். பெல்ட் தள்ளியிருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் பல் மாற்றி மாட்டிச் சரிக்கட்டினால் லைட்டில் அளவு சரியாகத் தெரியும், வண்டி இழுக்காது. ஹெட் சீவிய இன்ஜினில் கேம் சக்கரம் சற்றுக் கீழே வருவதால் பெல்ட் சரியாக மாட்டியிருந்தாலும் கேம் டைமிங் கொஞ்சம் பின்னே போகும். குறி அரைப் பல்லுக்கும் குறைவாக விலகியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

கம்ப்ரெஷன். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டர் அடித்து, பிளக் துளையில் கம்ப்ரெஷன் மீட்டர் வைத்து அளவெடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு ஒரு கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

## அறிகுறி 3: ஓட்டம் அருமை, மைலேஜ் மட்டும் இல்லை

டியூன் செய்த வண்டிகளில் இதுதான் அதிகம். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யவில்லை.

பாதி மிதியில் ஒரே சீராக ஓடும்போது ஸ்பார்க்கைக் கூடுதலாகப் பத்து டிகிரிக்கு மேல் முன்னே தள்ளிக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் உள்ள அந்தத் தட்டையான டப்பா. முழு மிதியில் அதற்கு வேலையில்லை. அதனால் அது செத்துப்போனாலும் பிக்கப்பில் தெரியாது, பெட்ரோல் கணக்கில் மட்டும் தெரியும். ஹெட் சீவிய பிறகு லேசாக நாக் அடித்தது என்று யாராவது டியூபைக் கழற்றி ஸ்க்ரூ போட்டு அடைத்திருப்பார்கள். அல்லது கார்புரேட்டர் மாற்றும்போது தவறான மூக்கில் (டியூப் மாட்டும் குழல்) செருகியிருப்பார்கள்.

சோதனை: டியூபைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கை இழுத்துப் பிடித்தபடியே நிற்க வேண்டும். பிடி விட்டுப்போனால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பிடி நின்றால், மூடியைக் கழற்றி மற்றொருவரைப் பார்க்கச் சொல்லி உறிஞ்சுங்கள். உள்தட்டு அசைய வேண்டும். அசையவில்லை என்றால் தட்டு துருப்பிடித்திருக்கிறது.

அடுத்து மூக்கு. இன்ஜின் ஸ்லோவில் இருக்கும்போது அந்த மூக்கில் விரல் வைத்தால் இழுப்பு இருக்கக் கூடாது. ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்ததும் இழுக்க வேண்டும். ஸ்லோவிலேயே பலமாக இழுத்தால் அது மேனிஃபோல்டு மூக்கு. அதில் மாட்டினால் ஸ்லோ ஸ்பீடு ஏறும். ஏறியதைக் குறைக்க டைமிங்கை இறக்குவார்கள். இழுக்கும் நேரத்தில் வேக்குவமும் இருக்காது, அடிப்படை டைமிங்கும் இருக்காது. வண்டி கழுதையாகிவிடும்.

டியூபைச் சரியான மூக்கில் மாட்டி, 2,000 சுற்றில் லைட் அடித்துக்கொண்டே டியூபைக் கழற்றி மாட்டுங்கள். மாட்டும்போது குறி மேலும் விலகி, சுற்றும் சற்று ஏறினால் வேலை முடிந்தது.

அது நன்றாக இருந்தும் மைலேஜ் இல்லை என்றால், இந்த வரிசையில் போங்கள்.

காற்றழுத்தமும் பிரேக்கும் முதலில். பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டிவிட்டு நான்கு வீல் மையத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது.

பிறகு சோக். பித்தானை உள்ளே தள்ளியதும் கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு செங்குத்தாக நிற்கிறதா?

பிறகு தெர்மோஸ்டாட். நம் ஊரில் வெயில் என்று சொல்லி இதைக் கழற்றி எறிவது பழக்கமாகிவிட்டது. இன்ஜின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடி பெட்ரோலைக் குடிக்கும், போரும் சீக்கிரம் தேயும். காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டபடி இருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து திடீரென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி நின்றுவிட்டது. மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான்.

பிறகு டிப் ஸ்டிக். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். பம்பையும் ஆயிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடைசியாகக் கார்புரேட்டர். ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது டார்ச் அடித்து மெயின் நாசிலைப் பாருங்கள். சொட்டினால் ஃப்ளோட் அளவு ஏறியிருக்கிறது, அல்லது நீடில் வால்வு அடைக்கவில்லை. சொட்டாமல், பிளக் மூன்றும் கரி பூசியது போல இருந்தால் போட்ட ஜெட் பெரிது.

## அறிகுறி 4: 50, 60-இல் சீராகப் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது

அந்த வேகத்திலேயே சோக்கைக் கால்வாசி இழுங்கள். வெட்டு நின்றால் கலவை மெலிவு. நிற்காமல் மோசமானால் ஸ்பார்க் பக்கம் போங்கள்: பிளக் வயர், மூடியில் விரிசல், கண்டன்சர்.

மெலிவுக்கு முதல் காரணம் காற்றுக் கசிவு. ஸ்லோவில் ஓட விட்டு, கார்புரேட்டர் அடிப்பக்கத்திலும் மேனிஃபோல்டு இணைப்பிலும் பாட்டிலால் தண்ணீர் பீச்சுங்கள். சுற்று மாறும் இடத்தில் கசிவு. கிளீனர் ஸ்ப்ரேயைச் சூடான ஹெடர் பக்கத்தில் அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும். கசிவு இல்லை என்றால் ஜெட் அடைப்பு. அதுவும் இல்லை என்றால், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஜெட் போதவில்லை. 100 எண் ஜெட் இருந்தால் 102.5 போதும். நேராக 110-க்குத் தாவாதீர்கள். பழைய ரப்பர் டியூப், டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலில் உப்பும், விரிசல் விடும். அவற்றையும் அப்போதே மாற்றுங்கள்.

## அறிகுறி 5: லைட்டில் குறி ஒரே இடத்தில் நிற்காமல் ஆடுகிறது

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது பாயிண்ட் கேப் மாறினால் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. புஷ் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து டைமிங் வைத்தாலும் நிற்காது. ஷாஃப்ட்டில் ஆட்டமில்லை என்றால் உள்தட்டின் ஸ்க்ரூ தளர்வு, அதன்பின் கியர் தேய்மானம். நல்ல லேத் பட்டறையில் புஷ் போடலாம். ஷாஃப்ட்டே தேய்ந்திருந்தால் முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றுவதே மேல்.

## அறிகுறி 6: ஸ்டார்ட்டர் எதிர்த்து உதைக்கிறது, அணைத்த பிறகும் இன்ஜின் துடிக்கிறது

சூடான இன்ஜினில் ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றினால் அடிப்படை டைமிங் கூடுதல். இறக்குங்கள். அதன்பிறகும் முக்கினால் பேட்டரி எர்த் வயரைப் பாருங்கள்.

சாவியை எடுத்தும் துடித்தால் ஸ்லோ ஸ்பீடு ஏற்றம், ஃப்யூல் கட் சோலனாய்டு (சாவியை அணைத்ததும் பெட்ரோலை நிறுத்தும் வால்வு), கார்பன் படிவு என்ற வரிசையில் பாருங்கள்.

## எம்பிஎஃப்ஐ, ரீமேப் வண்டி என்றால்

எம்பிஎஃப்ஐ என்பது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் முறை; ரீமேப் என்பது அந்தக் கம்ப்யூட்டரின் கணக்கை (மேப்) மாற்றுவது. அங்கே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பார்க்கும் வேலை கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்த பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில்கூட, சர்வீஸ் புத்தகம் சொல்லும் டெஸ்ட் முனையை இணைத்து டைமிங்கை நிலைநிறுத்தாமல் லைட் அடித்தால் அளவு பொய். பிந்தைய வண்டிகளில் ஓபிடி ஸ்கேனர் (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டிக் கூலண்ட் சூடு, ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு), இக்னிஷன் அட்வான்ஸ் மூன்றையும் ஓடும்போது பதிவு செய்யுங்கள். ட்ரிம் பத்து சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் நின்றாலும் முதலில் கசிவு, சென்சார், பம்ப். நாக் சென்சார் உள்ள வண்டியில் சுமையில் அட்வான்ஸ் திடீர் திடீரென்று வெட்டுப்பட்டால் மேப் இந்தப் பெட்ரோலுக்கு அதிகம். ஆக்டேன் கூடிய பெட்ரோல் ஊற்றியும் வெட்டினால் ரீமேப் செய்தவரிடம் அந்தப் பதிவோடு போங்கள்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

பிளக்கில் அலுமினியப் புள்ளி தெரிந்தால். கம்ப்ரெஷன் வேறுபாடு ஒரு கிலோவைத் தாண்டினால். பெல்ட் குறி விலகியிருந்து, பெல்ட் மாட்டிப் பழக்கமில்லை என்றால். கேம் மாற்றிய இன்ஜினுக்கு அட்வான்ஸ் முழுதையும் புதிதாக வைக்க வேண்டியிருந்தால். கடைசியாகச் சொன்னதற்கு டைனோவும் (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) வைட்பேண்ட் மீட்டரும் (புகையிலிருந்து கலவையை அளப்பது) உள்ள இடம் தேவை. கண்ணாலும் காதாலும் வைக்க முடியாது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ரேஸ் வண்டி கட்டும் பட்டறைகளில் விசாரித்துப் போங்கள்.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ஹெட் எத்தனை மி.மீ. சீவியது, என்ன ஜெட், என்ன பிளக், 900-இலும் 3,000-இலும் டைமிங் எத்தனை டிகிரி, மூன்று சிலிண்டர் கம்ப்ரெஷன், டயர் அளவைத் திருத்திய மைலேஜ். கழற்றிய மூன்று பிளக்கையும் சிலிண்டர் எண் எழுதித் தனித்தனியாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். துடைக்காதீர்கள்.